வீட்டுக்குள் அடைபட்ட நாட்களும் மனத்தின் ஆரோக்கியமும்

காய்ச்சல் கண்டவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். உறக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, சோற்றில் ருசி அற்றுப்போய், அற்ப விஷயத்துக்கெல்லாம் மனைவி மக்கள் மீது எரிந்து விழுகிறவனின் நெற்றியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. உடல் நோயை ஊரார் விசாரிக்கிறார்கள். மன நோயை வீட்டாரும் விசாரிப்பதில்லை. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் தேதி மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அன்று தொடங்கி, சில மாதம் தளர்ந்தும் சில மாதம் இறுகியும், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் நாம் ஏதேனும் ஒருவகைக் கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்தோம். மாநிலம் விட்டு மாநிலம் செல்வதற்கு இருந்த தடை 2021 அக்டோபர் 11ஆம் தேதிதான் நீங்கியது. நாட்டின் எல்லைகள் 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திறந்தன. பிள்ளைகளின் படிப்புக் கெட்டதைப் பற்றியும், வியாபாரம் படுத்ததைப் பற்றியும் அறிஞர்கள் நிறையப் பேசிவிட்டனர். பெரியவர்களின் மனம் என்னவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. பெரியவர்கள்தாமே, சமாளித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் சமூகத்தில் வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் சரியானதா என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மூன்று சொற்கள்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வோம். நோய் கண்டவரைப் பிறரிடமிருந்து விலக்கி வைப்பது ஒன்று. நோய் இன்னும் காணவில்லை, ஆனால் நோயாளியுடன் பழகியவர் அல்லது நோயுள்ள ஊரிலிருந்து வந்தவர் என்பதற்காகச் சில நாட்கள் ஒதுக்கி வைத்துப் பார்ப்பது மற்றொன்று. நோயாளி, பழகியவர், பழகாதவர் என்ற பேதமின்றி ஊரையே வீட்டுக்குள் இருக்கச் சொல்வது மூன்றாவது. 2020க்கு முன் முதலிரண்டும் உலகில் பலமுறை நிகழ்ந்தவை. மூன்றாவதை இவ்வளவு பெரிய அளவில் இந்நாட்டில் வாழும் எவரும் அதற்கு முன் கண்டதில்லை.

ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘குவாரண்டைன்’ என்ற சொல், நாற்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. வெனிஸ் நகரத்தார் கொள்ளை நோய்க்கு அஞ்சி, வந்த கப்பல்களை நாற்பது நாட்கள் துறைக்கு வெளியே நிறுத்தி வைத்தனர். அதற்கும் முன்பே, 1377இல், அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகுசா நகரம் முப்பது நாள் ஒதுக்கத்தைச் சட்டமாக்கியிருந்தது.

2. நமக்குப் புதிதல்ல

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவ்விஷயம் முற்றிலும் புதிதல்ல. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதை விட்டு ஓடாதீர்கள் என்னும் கருத்துப்பட அமைந்த நபிமொழியை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். ஹிஜ்ரி 18இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். இறை விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற பொருளில் உமர் அவர்கள் விடையளித்தார்கள். அபூ உபைதா அவர்கள் படையினரோடு ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே இவ்வுலகை நீத்தார்கள். ஊருக்குள்ளே இருந்துவிட்டவர் பிறருக்காக ஒரு பாரத்தைச் சுமக்கிறார் என்பதை இச்சம்பவம் உணர்த்துகிறது.

நம் முன்னோரும் இந்த அனுபவத்தைப் பெற்றவர்களே. ஹஜ்ஜுக்குக் கப்பலேறியவர்களில் பல தலைமுறையினர் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கி வைக்கப்பட்டனர். அங்கு ஒதுக்க நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு 1882. பினாங்கை அடைந்த கப்பலில் தொற்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் பயணிகள் ஜெரஜாக் தீவில் தங்க வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர்.

இன்னொரு உதாரணம் நமக்கு மிக அருகில், சுங்கை பூலோவில் இருக்கிறது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாக ஒதுக்கி வைக்க வகை செய்தது. அவர்களுக்கென 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. வெறும் கொட்டடியாக இல்லாமல், தனித்தனி வீடுகளும், பள்ளிக்கூடமும், பல மதத்தாரின் வழிபாட்டிடங்களும் கொண்ட ஒரு சிற்றூராக அதை அமைத்தனர். நோயாளிகள் செடி வளர்த்தார்கள். இன்றும் சுங்கை பூலோ செடித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. வேலையும் அண்டை அயலும் இருந்ததால் பலர் அங்கே ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டனர். ஆனால் அதே குடியிருப்பில், பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. உடல் நோய் மருந்தால் தீர்ந்த பின்னும் அந்தப் பிரிவின் புண் பல ஆண்டு ஆறவில்லை. வயது முதிர்ந்த பின்னும் பெற்ற பிள்ளையைத் தேடியவர்கள் உண்டு. ஒதுக்கி வைப்பதனால் மட்டும் மனம் உடைந்துவிடுவதில்லை, எவ்வாறு ஒதுக்கி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்னும் பாடத்தை அவ்வூர் கற்பிக்கிறது. 2020இல் கோவிட் நோயாளிகளுக்கான முதன்மை மருத்துவமனைகளில் ஒன்றாக விளங்கியதும் சுங்கை பூலோ மருத்துவமனையே.

3. கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது

2020 பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறத்தாழ 16,000 பேர் கூடிய தப்லீக் இஜ்திமாவுக்குப் பின் நோய் வேகமாகப் பரவியது. மார்ச்சில் ஆணை வந்தது. ஜும்ஆவும் ஜமாஅத் தொழுகையும் நின்றன. ஏப்ரல் முதல் தேதி தொட்டு, குடும்பத்தில் ஒருவர் மட்டும், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சென்று சாமான் வாங்கி வரலாம் என்று விதித்தனர். அவ்வாண்டு ரமலானில் தராவீஹ் வீடுகளில் நடந்தது. பெருநாளன்று மகன் தாயைத் திரையில் பார்த்து ஸலாம் சொன்னான். ஹஜ் பயணம் தள்ளிப் போயிற்று.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்னும் இரு கட்டிடங்களும் கடுமையாக்கப்பட்ட ஆணைக்குள் வந்தன. சுமார் 6,000 பேர் உள்ளே இருந்தனர். முள்வேலி சூழ, போலீஸாரும் இராணுவத்தாரும் காவல் நின்றனர். 1863 முதல் தமிழில் மார்க்கம் பேசி வரும் பள்ளிவாசல் உள்ள வட்டாரம் அது. நம்மவர்களின் துணிக்கடைகளும் உணவுக் கடைகளும் நிறைந்த வீதிகள் அவை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஓர் அறையில் பலர் முறை வைத்து உறங்கும் வாழ்க்கை அவர்களுடையது. ஊரில் தாய் தந்தையர், கையில் சம்பளமில்லை, மொழி அரைகுறை, வெளியே முள்வேலி. மே முதல் தேதி அதே சுற்றுவட்டாரத்தில் குடிநுழைவுத் துறையினர் நடத்திய சோதனையில் பலநூறு பேர் பிடிபட்டனர். நோய்க்கு அஞ்சுவதா, நோய்ப் பரிசோதனைக்கு அஞ்சுவதா என்று தெரியாத நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

2021இல் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. ஜனவரியில் இரண்டாம் முறையாக ஆணை. ஜூன் முதல் தேதி முழு அடைப்பு. ஜூலை 3 முதல் சிலாங்கூரின் பெரும்பகுதியில் மேலும் இறுக்கம். அந்நாட்களில்தான், உணவுக்கு வழியற்றவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்னும் இயக்கம் மக்களிடையே எழுந்தது. உதவி கேட்க வாய் வராதவர்கள் ஒரு துண்டு வெள்ளைத் துணியைக் கட்டினர். கண்டவர்கள் அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தனர். ஷா ஆலம் மக்கள் சற்று மூச்சுவிடத் தொடங்கிய வேளையில், அவ்வாண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்து தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது. இரண்டு ஆண்டுகளாக எந்த வீட்டைக் காவலாகக் கருதி உள்ளே இருந்தார்களோ, அந்த வீட்டின் கூரை மீது ஏறி நிற்கும்படி ஆயிற்று.

4. இஃதிகாஃபும் அடைப்பும்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் நம்மில் சிலர் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருக்கிறார்கள். அவர்களும் வெளியே செல்வதில்லை, வியாபாரம் பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்து முகம் தெளிந்து வருகிறார்கள். அதே மனிதர் அதே பத்து நாட்களைத் தாமான் வீட்டில் கதவடைத்துக் கழித்தால் முகம் இருண்டு வருகிறார். நாட்களின் எண்ணிக்கை ஒன்றே. விளைவு ஏன் வேறாகிறது?

நாம் நான்கு காரணங்களைக் காண்கிறோம். முதலாவது, விருப்பம். இஃதிகாஃப் இருப்பவர் தாமே நிய்யத் வைத்து அமர்கிறார். அடைப்பில் இருப்பவர் அமர்த்தப்படுகிறார். இரண்டாவது, முடிவு. ஷவ்வால் பிறை கண்டதும் எழலாம் என்று முன்னவருக்குத் தெரியும். பின்னவருக்கோ இரண்டு வாரம், மேலும் இரண்டு வாரம் என்று தவணை நீண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது, பொருள். தாம் எதற்காக அமர்ந்திருக்கிறோம் என்று முன்னவர் அறிவார். பின்னவர் வீணாகப் பொழுது போகிறது என்று நினைத்துக் குமைகிறார். நான்காவது, கவலையின்மை. பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கஞ்சி வந்துவிடும். அடைபட்ட வீட்டில் வாடகையும் வங்கித் தவணையும் கதவைத் தட்டும்.

5. ஆராய்ச்சியாளர்கள் கண்டது

மேற்சொன்ன நான்கும் நமது யூகம் மட்டுமன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரி அறிஞர்கள் 2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். பத்து நாடுகளில் முன்னர் நடந்த 24 ஆய்வுகளை அவர்கள் படித்துத் தொகுத்தனர். ஒதுக்கத்தில் உள்ளவரின் மனத்தை வருத்துபவை எவை என்று பட்டியலிட்டனர்: நீண்ட காலம், தொற்றிவிடுமோ என்னும் அச்சம், ஏமாற்றமும் சலிப்பும், சாமான் போதாமை, சரியான செய்தி கிடைக்காமை, பண நஷ்டம், வெளியே வந்த பின் பிறர் ஒதுக்கும் அவமானம். நாட்கள் பத்தைத் தாண்டியவர்களிடம் பாதிப்பு மிகுந்திருந்ததை ஓர் ஆய்வு காட்டியது.

2003இல் கனடாவின் டொரோண்டோ நகரில் சார்ஸ் நோய்க்காக ஒதுக்கப்பட்டவர்களில் 129 பேரை விசாரித்த ஆய்வு ஒன்று உண்டு. நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரிடம் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறின் அறிகுறிகளும், 31 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. அதே நோய்க் காலத்தைப் பற்றிய இன்னோர் ஆய்வு, விடுதலையான பின்னும் சிலர் விடுதலையாகவில்லை என்று காட்டியது. இருமுகிறவரைக் கண்டு விலகியோர் நூற்றுக்கு 54 பேர். கூட்டமான அறைகளைத் தவிர்த்தோர் 26 பேர். பொது இடங்களையே பல வாரம் தவிர்த்தோர் 21 பேர். ஆணை நீங்கிய பின்னும் பள்ளிவாசலுக்கு வராமல் இருந்த பெரியவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோவிட் வந்த முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்ற நோயும் மனச்சோர்வும் நூற்றுக்கு 25 வீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. நம் நாட்டில் தேசிய சுகாதார ஆய்வு எடுத்த கணக்கில், மனச்சோர்வு உடையவர்கள் 2019இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023இல் 4.6 பேர். சரியாக இரு மடங்கு! ஆணை நீங்கிய பின் எடுத்த கணக்கு இது என்பதைக் கவனிக்க வேண்டும். கதவு திறந்தவுடன் மனமும் திறந்துவிட்டதென்று எண்ணுவது பிழை.

6. யாருக்கு எந்தக் காயம்?

எல்லோருக்கும் ஒரே காயம் ஏற்படவில்லை.

வியாபாரிகளை எடுத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் ஆண்மகனின் மதிப்பு அவன் கடையோடு கட்டப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் கடை திறந்து, நள்ளிரவில் கல்லாவைப் பூட்டுவதே முப்பது வருடப் பழக்கம். கடை மூடியவுடன் வருமானம் மட்டும் போகவில்லை. காலையில் எழுந்திருப்பதற்கான காரணமே போயிற்று. 2020 மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை நூற்றுக்கு 5.3 ஆக உயர்ந்தது. பின்னர் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்க அனுமதித்த பல திட்டங்களின் வழியாக மக்கள் எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. முதுமைக்கென வைத்ததைச் சாப்பிட்டுவிட்டோமே என்னும் கவலை, நோய் போன பின்னும் போகாத கவலையாகும்.

பெண்களுக்கு நேர்ந்தது வேறு. முன்பு கணவன் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்ற பின் அவர்களுக்கென்று சில மணி நேரம் இருந்தது. அந்நேரம் பறிபோயிற்று. மூன்று வேளைச் சமையல், பிள்ளைகளின் கணினிப் பாடம், கோபத்தில் இருக்கும் கணவன், சிலருக்கு அதன் மேல் தமது அலுவலக வேலை. வீடு என்பது யாவர்க்கும் பாதுகாப்பான இடமன்று. அடிக்கும் கையோடு ஒரே கூரையின் கீழ் அடைபட்ட பெண்ணுக்கு, வீட்டில் இருங்கள் என்ற கட்டளை எவ்வளவு பயங்கரமாக ஒலித்திருக்கும்!

முதியவர்களுக்கு ஐவேளை ஜமாஅத் தொழுகையே கடிகாரம். தொழுகைக்குப் பின் சூராவ் திண்ணையில் அரை மணி நேரம் பேசுவதே அவர்களுக்குச் சபை. அது நின்றதும் நாட்கள் ஒன்றோடொன்று கலந்து போயின. வெள்ளிக்கிழமை எது, செவ்வாய்க்கிழமை எது என்று தெரியாமல் போவது சிறிய விஷயமன்று. மனத்துக்குக் காலத்தின் பிடி தளர்ந்தால் உறக்கமும் பசியும் பின்தொடர்ந்து தளர்கின்றன.

நான்காவதாகச் சொல்ல வேண்டியவர்கள், அக்காலத்தில் மையித்தைக் கண்ணாரக் காணாதவர்கள். கோவிட்டில் காலமானவரை மருத்துவமனையிலிருந்து நேரே மையவாடிக்குக் கொண்டு சென்றனர். மகன் கையால் குளிப்பாட்டவில்லை. மனைவி முகம் பார்க்கவில்லை. ஊரார் தோள் கொடுக்கவில்லை. துக்கம் விசாரிக்க எவரும் வீடு வரவில்லை. ஜனாஸாச் சடங்குகள் இறந்தவருக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. மண் போடும் கை, அவர் போய்விட்டார் என்பதை மனத்துக்குச் சொல்கிறது. அந்தக் கை மண் போடவில்லையென்றால் மனம் நம்ப மறுக்கிறது. கொள்ளை நோயில் இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று மார்க்கம் ஆறுதல் கூறுகிறது. ஆயினும் அழ வேண்டிய அழுகை பாக்கியிருக்கிறது. ஆண்டுகள் கடந்தும் அதைச் சுமப்போர் நம் வரிசையில், நம் பக்கத்தில் நின்றே தொழுகிறார்கள்.

7. மௌனம் என்னும் இரண்டாவது நோய்

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூசும் விஷயம். ஆயினும் சொல்லாமல் விட்டால் இப்பாடம் பயனற்றதாகும். போலீஸ் கணக்கின்படி இந்நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் 2020இல் 631 பேர். 2021இல் 1,142 பேர். இதற்கு அடைப்பு ஒன்றே காரணமென்று முடிவு கட்ட முடியாது. கடன், குடும்பப் பிணக்கு, முன்பே இருந்த மனநோய் எனப் பல கயிறுகள் சேர்ந்தே ஒரு முடிச்சாகின்றன. ஆனால் அம்முடிச்சு இறுகிய காலம் எது என்பதில் ஐயமில்லை.

தற்கொலை பாவமென்று நாம் அறிவோம். அதை அறிந்திருப்பதனாலேயே, அவ்வெண்ணம் மனத்தில் எழுந்தவர் அதை எவரிடமும் சொல்லத் துணிவதில்லை. ஈமான் இல்லாதவனென்று சொல்லிவிடுவார்களோ, பெண் கொடுக்க மாட்டார்களோ, கடைக்கு ஆள் வராதோ என்று அஞ்சுகிறார். இதன் பலன் என்ன? காப்பாற்றக் கூடியவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்க, அவர் தனியாகப் போராடுகிறார். யூசுஃப் நபியைப் பிரிந்த யஃகூப் நபி அழுதழுது பார்வை இழந்த வரலாற்றை நாம் ஓதுகிறோம். அவர்களது ஈமானை எவரும் சந்தேகிப்பதில்லை. அப்படியிருக்க, மகளை இழந்த அண்டை வீட்டு அம்மையாரின் கண்ணீரை மட்டும் ஈமானின் குறைவென்று எண்ணுவது எந்த நியாயம்? நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், தவக்குல் வைத்தால் போதும், மாத்திரை எதற்கு என்று நாம் கேட்பதில்லை. மனத்துக்கும் அதே நீதியை வழங்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்து வந்த குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்பியது. தண்டனைக்குரியவராக இருந்தவர் இப்பொழுது சிகிச்சைக்குரியவர். சட்டம் மாறிய பின்னும் சமூகத்தின் நாக்கு மாறாவிட்டால் என்ன பயன்?

8. அடையாளங்களும் வழிகளும்

துக்கம் வேறு, நோய் வேறு. துக்கம் அலைபோல் வந்து போகும்; இடையில் ஒரு பேரக்குழந்தையின் சிரிப்புக்கு இடமிருக்கும். நோய் கல்போல் உட்கார்ந்துவிடும். பெரும்பாலான நேரம் சோர்வு, விரும்பியதில் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தாம் எதற்கும் உதவாதவர் என்னும் எண்ணம், காரணமற்ற படபடப்பு ஆகியவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரைக் காண வேண்டும். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. அன்றே துணைக்குச் செல்ல வேண்டும்.

எங்கே போவது? வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்திலேயே முதலில் சொல்லலாம். ‘மெந்தாரி’ எனப்படும் அரசாங்க மனநல நிலையங்களும் உள்ளன. மனம் விட்டுப் பேச 1970 முதல் இயங்கும் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண் 15555. வீட்டில் அடிபடும் பெண்களும் அவர்களுக்காகப் பேச விரும்புவோரும் ‘தாலியான் காசே’ 15999ஐ அழைக்கலாம். இவ்வெண்களை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். இன்று உங்களுக்குத் தேவையில்லாதிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வரும் ஒருவருக்குத் தேவையாயிருக்கலாம்.

ஜமாஅத் என்ற முறையில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு.

முதலாவதாக, பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பு வகுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய வேலை உபதேசம் செய்வதன்று. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, முடியாவிட்டால் தொலைபேசியில் பேசுவது. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் விடை வரும். ராத்திரி தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டால் உண்மை வரும்.

இரண்டாவதாக, கேட்டுக் கொடுப்பதை விட, கேளாமலே கொடுப்பது நல்லது. வெள்ளைக் கொடி கட்டியவரைக் கண்டோம். கட்ட வெட்கப்பட்டவரைக் காணவில்லை. ஸகாத்தும் ஸதகாவும் வாங்குகிறவரின் முகத்தைக் காப்பாற்றும் முறையில் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவதாக, அந்நாட்களில் மௌத்தானவர்களுக்காக, உற்றார் கூடி துஆச் செய்யவும், அவர்களைப் பற்றி வீட்டார் மனம் திறந்து பேசவும் ஒரு சந்தர்ப்பம் ஏற்படுத்தலாம். காலம் கடந்த விசாரிப்பும் விசாரிப்பே.

நான்காவதாக, ஒதுக்கப்பட்டவரைப் பழிக்கும் நாக்கை அடக்க வேண்டும். அன்று தப்லீக் ஜமாஅத்தாரைப் பழித்தவர்கள் உண்டு. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து வந்தவரென்றால் நகர்ந்து நின்றவர்கள் உண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சுகிறவன் நோயை மறைக்கிறான். மறைத்த நோய் ஊருக்குப் பரவுகிறது. ஆகவே இரக்கம் காட்டுவது தருமம் மட்டுமன்று, சுகாதார விதியுமாகும்.

ஐந்தாவதாக, மீண்டும் ஒருமுறை இத்தகைய காலம் வந்தால், முன் சொன்ன நான்கு காரணங்களையும் திருப்பிப் போட வேண்டும். அன்றாடத்துக்கு ஒரு நேர அட்டவணை வகுத்தால், சிறிதேனும் விருப்பம் நம் கைக்கு வரும். வதந்தியைத் தள்ளி, நம்பத்தக்க அறிவிப்பை நாளுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால், முடிவு தெரியாத தவிப்புக் குறையும். யாரைக் காப்பதற்காக உள்ளே இருக்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் நினைவூட்டினால் பொருள் கிடைக்கும். அரிசியும் வாடகையும் பற்றிய கவலையை ஜமாஅத் பகிர்ந்துகொண்டால் நெஞ்சின் பாரம் பாதியாகும். அடைப்பு இஃதிகாஃப் ஆகிவிடாது. ஆனால் சிறைவாசமாக இராது.

9. கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

இப்பாடத்தை வீட்டிலோ சூராவிலோ சேர்ந்து படிப்போர் பின்வரும் கேள்விகளைப் பற்றிக் கலந்து பேசலாம்.

அ. அந்த ஒன்றரை ஆண்டில் உங்கள் வீட்டில் நின்றுபோன பழக்கங்கள் எவை? அவற்றில் இன்னும் திரும்பாதது எது, ஏன்?

ஆ. அடைப்புக்கு முன் தவறாமல் ஜமாஅத்துக்கு வந்து, பின்னர் வராமற்போனவர் உங்கள் வட்டாரத்தில் உண்டா? அவரைக் கடைசியாக எப்பொழுது சந்தித்தீர்கள்?

இ. ஒருவர் தம் மனக்கஷ்டத்தை உங்களிடம் சொன்னால், முதலில் நீங்கள் கூறும் சொல் எதுவாக இருக்கும்? அது அவரை மேலும் பேச வைக்குமா, வாயை மூடச் செய்யுமா?

ஈ. உங்கள் தெருவில் உள்ள பத்து வீடுகளுக்குப் பொறுப்பேற்க இன்றைக்கே முன்வருபவர் யார்?

கடைசிக் கேள்விக்கு விடையாக ஒரு பெயரேனும் எழுதப்படாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். உள்ளங்களைப் புரட்டுகிறவனாகிய வல்ல நாயன் நம் எல்லோருடைய உள்ளங்களுக்கும் அமைதி அருள்வானாக.